வலப்பக்கம் கருப்பு, இடப்பக்கம் ஆரஞ்சு

இதுவரை பார்த்திராத ஒன்றைக் கொண்டுவந்தார் என்பதற்காகவே ஒருவரைப் பொய்யர் என்று நீங்கள் சொன்னதுண்டா? அவசரப்பட்டு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அனுசுயாவின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

திருச்சியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் அவர் உதவியாளர். பதினோரு ஆண்டுகள் ஆகியும் ஒப்பந்த வேலைதான். பிராக்டிகல் தேர்வு நெருங்கினால் மாணவர்கள் அவரை மொய்ப்பார்கள். "அக்கா, ரெக்கை பிஞ்சிருச்சுக்கா!" பூச்சிப் பெட்டிக்கான பட்டாம்பூச்சியை வேலம்பிசின் தொட்டு அவர் ஒட்டித் தந்தால் ஒட்டே தெரியாது. அந்தக் கைத்திறன்தான் ஒருநாள் அவர் கழுத்தைப் பிடித்தது.

போன ஐப்பசியில், ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் வாழைத்தோப்பில் பருப்புக்கீரை பறிக்கப் போனார். சிலந்தி வலையில் ஒரு பட்டாம்பூச்சி செத்துக் கிடந்தது. அந்த இனத்தில் ஆண் கருப்பு, நடுவே வெள்ளை வட்டங்கள், பெண் ஆரஞ்சு. இதற்கோ வலப்பக்கம் கருப்பு, இடப்பக்கம் ஆரஞ்சு. ஒரே உடம்பில் பாதி ஆண், பாதி பெண். பஞ்சு வைத்த டப்பாவில் போட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டினார். ஊசி குத்தி, இறக்கை விரித்துக் காயவைத்து, ஆய்வுக்கூடப் பூச்சிப் பெட்டியில் பொருத்தி, அடியில் சீட்டு எழுதினார்: ஸ்ரீரங்கம், நாள், கண்டெடுத்தவர் அனுசுயா.

கல்லூரியைச் சோதிக்க வெளியூரிலிருந்து ஆய்வுக் குழு வரவிருந்த காலையில், துறைத்தலைவர் ரெங்கராஜ் அந்தப் பெட்டிமுன் நின்றார்.

"என்னம்மா இது, ரெண்டுங்கெட்டான்?"

"ஒண்ணும் கெடல சார். ரெண்டும் இருக்கு."

"வர்றவங்க முன்னாடி நான் அசிங்கப்படணும், அதானே? ரெண்டு பூச்சிய வெட்டி ஒட்டியிருக்கீங்க. உங்க பிசின் வேலை எனக்குத் தெரியாதா?"

அனுசுயா பெட்டியைத் திறந்தார். "வெந்நி தொட்டுப் பாருங்க சார். பிசின்னா கரைஞ்சிரும். ரெக்கை கழண்டா இப்பவே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன். கழலலேன்னா எம் பேரு அங்கயே இருக்கணும்."

"சரி." ரெங்கராஜ் பக்கத்தில் நின்ற விரிவுரையாளரிடம் திரும்பினார். "ஜாஸ்லின், வெந்நி கொண்டாங்க."

பந்தயம் கட்டிய பிறகுதான் அனுசுயாவுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இதைக் காயவைத்த பலகை, முந்தின நாள் மாணவர்களின் பூச்சிகளை ஒட்டிய அதே பலகை. துடைத்தோமா? ஒரு துளி பிசின் இறக்கையடியில் இருந்தாலும் போதும், வேலையும் போகும், பேரும் போகும்.

ஜாஸ்லின் தூரிகையால் இறக்கையின் அடியில் வெந்நீர் தொட்டு வைத்தார். ஒரு நிமிடம். மூன்று. வாசலில் கார் நிற்கும் சத்தம். ஐந்தாவது நிமிடம் ரெங்கராஜே இடுக்கியை வாங்கி ஆரஞ்சு இறக்கையை இழுத்தார். அசைந்தது. அனுசுயா குனிந்து பார்த்தார். இறக்கையோடு உடம்பும் சேர்ந்து அசைந்தது.

ஜாஸ்லின் லென்ஸை வைத்துப் பார்த்தார். "சார், ஒட்டே இல்ல. உடம்போட வளந்த ரெக்கை."

கரு உருவாகும் தொடக்கத்திலேயே நேர்கிற மாறுதல் இது. சாபமில்லை, சகுனமில்லை, மோசடியுமில்லை. நூல்களில் எழுதியிருப்பதுதான். நூலைப் படித்தவர் நம்பவில்லை. பூச்சியைப் பார்த்தவர் நம்பினார்.

ரெங்கராஜ் மன்னிப்புக் கேட்கவில்லை. சீட்டை உருவிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார்: கண்டெடுத்தவர், முனைவர் ரெங்கராஜ்.

"டிகிரி இருக்கிற பேரா இருந்தாத்தாம்மா மதிப்பு. அதான் உங்க வேலை தப்பிச்சிருச்சே, அப்புறம் என்ன?"

படியில் காலடிச் சத்தம் ஏறி வந்தது. அனுசுயா கூடையில் கைவிட்டு, கசங்கிய சீட்டை நீவி, அவர் சீட்டின்மேல் குத்தினார். "பந்தயம் பந்தயம்தான் சார்."

அன்று மாலையே அந்தச் சீட்டு காணாமல் போனது. அனுசுயா மறுபடி எழுதி வைத்தார், மறுபடி போனது. இப்போது இருப்பது அவர் எழுதிய நான்காவது சீட்டு.

உங்கள் ஊர்க் கல்லூரியிலும் பூச்சிப் பெட்டிகள் இருக்கும். போய்த் திறந்து காட்டச் சொல்லுங்கள். இதை உண்மையில் கண்டெடுத்தது யார் என்று கேளுங்கள். அந்தப் பெயரை எழுதி வைக்கும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.