பெரியப்பா வீட்டுப் படிக்கு ஒரு கைப்பிடி

1956 டிசம்பரில், நான் பாடம் நடத்தும் பள்ளிக்கு விடுமுறை விட்ட மறுநாள், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல. பிரெஞ்சுப் படையில் இருபது வருடம் இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா, வாடகை வீட்டு வாசற்படியில் விழுந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டார் எழுதியிருந்தார்கள். அவருக்கு மனைவி மக்கள் இல்லை. "ஒண்டியா கெடந்தது போதும், கையோட கூட்டியாந்துடு" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். வெளியூர்க் காரியமெல்லாம் என் தலையில்தான் விழும்.

காலை ஏழரை ரயில். இருபத்துநான்கு மைல், மூன்றாம் வகுப்பு பத்தணா, ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து ரிக்‌ஷாவுக்கு நாலணா. (ஆறணா கேட்பார்கள். பேசாமல் நில்லுங்கள், குறைத்துக்கொள்வார்கள்.)

வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே நான்கு உயரமான கருங்கல் படிகள். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

"ஈரம், வழுக்கிடுச்சி. அதுக்காக உங்கப்பன் மாட்டுக்கொட்டாயப் பாத்துக்கினு கெடக்கணுமா? ஒரு கைப்பிடி வெச்சிட்டா நான் இங்கயே இருந்துக்குவேன்" என்றார் பெரியப்பா.

பழைய சிப்பாய்களுக்கான சங்கம் ஒன்று இலவசமாக ஆசாரியை அனுப்புகிறது. காலை எட்டிலிருந்து பதினொன்று வரைதான் மனு வாங்குவார்கள். ஆனால் டவுனில் இருப்பவர்களுக்கு மட்டும். மனு கொடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற முதியவர் சேதராப்பட்டு கிராமத்திலிருந்து வந்திருந்தார். "டவுன்ல வுழுந்தாதான் எலும்பு ஒடையுமா? எங்கூர்ல என்னா, பஞ்சு மெத்தயா போட்டு வெச்சிருக்கு?" என்று எழுத்தரிடம் கேட்டுவிட்டுத் தடியை ஊன்றித் திரும்பிப் போனார்.

மூன்றாம் நாள்தான் ஆசாரி வந்தார். அதுவரை நானும் பெரியப்பாவும் பேசிக்கொண்டது மிகக் குறைவு. அவர் வாசலில், நான் உள்ளே ஒரு புத்தகத்துடன். ரொட்டிக்காரரோ தபால்காரரோ "போன்ழூர், முசே!" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னால் மட்டும் அவர் முகம் மாறும். வலது கை தானாக நெற்றிக்குப் போய் சலாம் வைக்கும். ஒருமுறை படியில் நின்று அப்படி வைத்தபோது உடம்பு ஆடியதைப் பார்த்துவிட்டேன்.

ஆசாரி, படியிறங்கும்போது வலக்கைக்கு வரும் பக்கம் குழி தோண்டினார். "சோத்துக்கைதாம்மா பலம்." எனக்குச் சொல்லவேண்டியது தெரிந்திருந்தது. இரண்டு கம்பம் நட்டு, மண்ணைக் கெட்டிக்கும்போதுதான் வாய் திறந்தேன். "இடப்பக்கம் வையுங்க."

"ரெண்டு குழி தோண்டுற வரைக்கும் வாய்ல என்னாம்மா வெச்சிருந்த?"

"பெரியப்பா, படியில நின்னு ஒரு சலாம் வையுங்க."

பெரியப்பா முறைத்தார். படியில் நின்று, கம்பத்தைப் பிடித்திருந்த வலது கையை எடுத்துச் சலாம் வைத்தார். சாய்ந்தார். ஆசாரி தாவிப் பிடித்தார்.

"ஈரமே இல்லியே, முசே" என்றார் ஆசாரி.

பெரியப்பா கம்பத்தைப் பிடித்து நிமிர்ந்தார். "எடப்பக்கமே வெச்சிடு."

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: ஓய்வூதியப் புத்தகத்தையும், வீட்டுக்காரரின் சம்மதக் கடிதத்தையும் கொண்டுபோங்கள். கிராமத்தில் இருந்தால் சங்கத்துக்கு அலையாமல் உள்ளூர் ஆசாரியையே பிடியுங்கள். அளவெடுக்கும் முன் இரண்டு நாள் வீட்டுப் பெரியவர் எந்தக் கையை எதற்கு எடுக்கிறார் என்று பாருங்கள். பார்த்ததை உடனே சொல்லிவிடுங்கள்.

திரும்பும் ரயில் மூன்று மணிக்கு. வழியனுப்பப் பெரியப்பா இரண்டு படி இறங்கி, இடது கையால் கைப்பிடியைப் பற்றி நின்றார். மதிய வெயில், தெருவில் ஒருவருமில்லை. ரிக்‌ஷா நகர்ந்தபோது அவர் தெருவின் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்தார். வலது கை சும்மா தொங்கியது.

"போன்ழூர், முசே" என்று நானாவது சொல்லியிருக்கலாமே என்று, ரயில் வில்லியனூரைத் தாண்டிய பிறகுதான் தோன்றியது.