தலைவர் என்றால் இருவர்

பர்மா மலைகளில் இருக்கும் எங்கள் லாஹு ஊர்களில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மிருகத்தின் பெயர், பிறந்த நாளின் பெயரே ஆளுக்கும் பெயர். நா யோ ஆட்டு நாளில் பிறந்தவள். அவள் புருஷன் ஜா லா புலி நாளில் பிறந்தவன். பெயரை வைத்து எடைபோட்டால் ஏமாந்துதான் போக வேண்டும். இந்த ஆடு வாயைத் திறந்தால் அடுத்த மலையில் மேயும் கோவேறு கழுதைகள் காதைத் தூக்கும். அந்தப் புலி சோற்றில் கல் கிடந்தாலும் சத்தம் வராமல் மெல்லும்.

நான் ஜா பூய், நாய் நாள். ஊருக்கும் பட்டாளத்துக்கும் நடுவில் நின்று ஒருவர் பேச்சை மற்றவர் பாஷையில் இரண்டு பக்கமும் குரைப்பது என் வேலை. பட்டாளத்தார் சுமை தூக்க என்னைப் பிடித்துப்போன வருஷத்தில் முதுகுத்தோல் போனது, பர்மியப் பேச்சு வந்தது.

எங்கள் வழக்கத்தில் ஊர்த்தலைவர் என்பது ஒரு ஆள் இல்லை, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்த ஜோடி. யாரும் ஆசைப்படுகிற பதவியும் இல்லை. பட்டாளம் வந்தால் முதல் உதை தலைவருக்குத்தான். நா யோதான், "ஒதைக்கிறவன் காலு வலிக்கட்டும்" என்று ஏற்றுக்கொண்டாள். ஜா லாவை யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஊருக்கு ஓடையோரம் இருப்பது ஒரே ஒரு சமநிலம். மற்றதெல்லாம் சரிவு. சரிவில் அபினிச் செடி கொழிக்கும், நெல் வராது. நா யோவின் அண்ணன் அபினி விளைத்தான், பிறகு அதையே இழுத்தான், எலும்பும் தோலுமாகிச் செத்தான். அதன்பின் அவள் ஓடையைத் திருப்பி, வரப்பு போட்டு, ஊரையே திட்டித் திட்டிச் சேற்றில் இறக்கினாள். நாங்கள் அரிசிச்சோறு தின்ன ஆரம்பித்தது அப்படித்தான்.

பட்டாளம் கேட்டது அந்த வயலைத்தான். ரப்பர் போடப் போகிறார்களாம். அறுவடை முடிந்து தரை காய்ந்து கிடந்த நேரம் பார்த்துக் கேப்டன் தெய்ன் ஸோ வந்து சிவப்புத் துணி கட்டிய கம்பங்களை நட்டார். காலி நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று மேலிடத்து உத்தரவு.

"மேல சரிவுல அபினி போட்டுக்குங்க. வரி மட்டும் எங்களுக்கு வந்துடணும்" என்றார். அபினியை ஒழிப்போம் என்று எழுதிய பலகைக்குக் கீழே நின்றுகொண்டு சொன்னார். என்னத்தைச் சொல்ல!

பக்கத்துப் பள்ளத்தாக்கில் இவருக்கு முன்னால் இருந்தவர் அடித்துப் பிடுங்கப்போய், விஷயம் நாறி, அவரை எல்லைக்குத் தூக்கி அடித்துவிட்டார்கள். அதனால் இவருக்கு, மனமுவந்து கொடுத்தோம் என்று தலைவரின் கைநாட்டு வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் தலைவரின் கைநாட்டு என்றால் இரண்டு கட்டைவிரல்.

மழை தொடங்கியதும் கைநாட்டு வாங்கக் கேப்டன் மறுபடி வந்தார். நா யோ என் பக்கம் திரும்பினாள்.

"கேளு தம்பி. இவங்கம்மா சோறு திங்குதா, ரப்பர் திங்குதா?"

"தாயார் சௌக்கியமான்னு கேக்கறாங்க, ஐயா" என்றேன்.

கேப்டன் முகம் மலர்ந்தது. "நல்லாருக்காங்க. முட்டி வலிதான்."

இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது பார்த்துப் புலி வாயைத் திறந்தது.

"குடுத்துருவோம் யோ. ஒதபட்டுச் சாகறதுக்கு, அபினியப் போட்டுட்டு உசுரோடயாவது இருப்போம்."

நா யோ கத்துவாள் என்று எல்லோரும் காதைத் தயாராக வைத்திருந்தோம். அவள் கத்தவில்லை.

"போடு. எங்கண்ணன் கெடந்த பாயி பரண்ல இருக்கு. எடுத்து விரிச்சுக்க" என்றாள். துணிமூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு, மலைக்கு அந்தப்பக்கம் தாய்வீட்டுக்கு நடந்தாள்.

"நல்லதாப் போச்சு. அவன் கைநாட்டு போதும்" என்றார் கேப்டன்.

"ஜோடி பிரிஞ்சா தலைவரே கெடையாது, ஐயா. இவரு இப்போ வெறும் ஜா லா."

"அப்போ வேற ஜோடியைப் போடு."

வீடுவீடாகப் போய்க் கேட்டோம். அன்றைக்கென்று பார்த்து ஊரில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியோடு பேசிக்கொள்ளவில்லை. கூடிக்கூடிச் சிரிக்கிற புதுஜோடிகூட ஆளுக்கொரு மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

கேப்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மேலதிகாரி வர்ற நேரம்யா. என்னதான் வழி?"

"பிரிச்சு வச்சவரே பன்னித்தொடையும் சோளச் சாராயமும் சொமந்துட்டுப் போயி கூட்டிட்டு வரணும். வேற ஆளு தூக்கினா செல்லாது."

வழக்கம் பாதி, என் சரக்கு பாதி.

மழையில் வழுக்கி வழுக்கி ஏறினார் மனுஷன். தொடையின் கனம் தோளை அழுத்த, நின்று நின்று மூச்சு வாங்கினார். பின்னால் கையை வீசிக்கொண்டு நடந்த எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். என் முதுகே சிரித்தது.

தாய்வீட்டில் நா யோ தொடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன, இம்புட்டுதானா? பன்னி பட்டாளத்துச் சோறு தின்னு வளந்துதோ?"

"ரொம்ப சந்தோஷம்ங்கறாங்க" என்றேன்.

கேப்டன் சாராயம் ஊற்றிக் கொடுத்தார். அவள் ஒரே மடக்கில் குடித்தாள். "வரேன். கைநாட்டு வைக்க இல்ல. எம்புருஷன் மூஞ்சியப் பாத்து நாலு வார்த்தை கேக்கணும், அதுக்கு."

"வர்றாங்களாம், ஐயா."

அங்கேயே தங்கி, மறுநாள் இறங்கினோம். வழியெல்லாம் அந்த நாலு வார்த்தையை அவள் முணுமுணுத்து ஒத்திகை பார்த்தபடி வந்தாள். நாலு என்பதெல்லாம் சும்மா, நாற்பதுக்குக் குறையாது. ஓடைத் திருப்பத்தில் சட்டென்று நின்றாள்.

வயல் பச்சையாக இருந்தது. வரப்போரம் அவள் விட்டு வைத்திருந்த நாற்றையெல்லாம் பறித்து ஊரே இறங்கி நட்டுக்கொண்டிருந்தது. சிவப்புத் துணிக் கம்பங்களை யாரும் தொடவில்லை, அவற்றைச் சுற்றிச் சுற்றி நட்டிருந்தார்கள். நடுவில் இடுப்பு வரை சேறோடு ஜா லா. நாங்கள் மலையேறியதுமே தனியாளாய் இறங்கி நட ஆரம்பித்தானாம். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குத் துணிச்சல் வந்ததாம்.

நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தவன், கேப்டனையும் பார்த்தான். ஆனாலும் குனிந்து அடுத்த நாற்றை ஊன்றினான். இவனையா இத்தனை வருஷம் கிண்டல் செய்தோம்?

நா யோவுக்கு நாற்பது வார்த்தையும் மறந்துவிட்டது.

"இம்புட்டு நெருக்கமாவா நடுவ, கிறுக்கா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. "கதிரு எங்கிருந்து வரும்?"

"நீ இல்லாம எனக்கு என்ன தெரியும்?"

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். அவன் நட்டதைப் பிடுங்கி, தள்ளித் தள்ளி ஊன்றினாள். திட்டிக்கொண்டேதான்.

கேப்டன் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாங்க?"

"நெலம் காலியா இல்லைன்னு சொல்றாங்க, ஐயா."

அவர் வயலைப் பார்த்தார். சுமந்த தோளைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "காலி நிலத்தை எடுக்கத்தான் எனக்கு உத்தரவு" என்றார்.

இதை மட்டும் நான் ஒரு சொல்கூட மாற்றாமல் வயலைப் பார்த்துக் கத்திச் சொன்னேன்.