சங்கத்துல கேட்டுச் சொல்லுதேன்

தீப்பெட்டித் தொழிலாளர் சங்கச் செயலாளரான எனக்கு இப்போது கொடி பிடிப்பதைவிட, உறுப்பினர்களின் செல்போனை வாங்கிப் படித்துப் பார்ப்பதே பெரிய வேலை. உங்கள் வீட்டிலும் யார் தலையிலாவது இந்த வேலை விழுந்திருக்கும். அவர் படும் பாடு எனக்குத் தெரியும்.

மாலைக்குள்

பெட்டி அடைக்கும் முத்துலட்சுமி, கோவில்பட்டி சங்க அலுவலகத்துக்குப் பதறி ஓடிவந்தாள். மகளை நர்சிங் சேர்க்க அவள் நம்பியிருந்த பி.எப். பணம் அப்போதுதான் வங்கியில் ஏறியிருந்தது. அதற்குள் ஒரு குறுஞ்செய்தி: 'இன்று மாலைக்குள் விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் உங்கள் கணக்கு முடக்கப்படும்.' கீழே ஒரு லிங்க்.

நான் படித்ததெல்லாம் துண்டுப்பிரசுரம்தான். 'மாலைக்குள் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வேலை இல்லை' என்று கம்பெனி வாசலில் ஒட்டிய அறிவிப்புகளுக்குப் பதில் எழுதியே வளர்ந்தவன். யோசிக்க நேரம் தராதவன் நல்லது செய்ய வரவில்லை. லிங்க்கைத் தொடாமல், பாஸ்புக்கில் இருந்த எண்ணுக்குப் பேசினோம். கணக்கில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். முத்துலட்சுமிக்கு மூச்சு வந்தது. "நம்ம கம்பெனி மேனேஜர் வேலைய விட்டுட்டு இந்தத் தொழிலுக்குப் போயிட்டாரோ அண்ணாச்சி?"

ஆறு எண்

திருடன் விடவில்லை. மறுநாள் வங்கி அதிகாரி என்று போனில் பேசினான். "உங்க போனுக்கு வந்த ஓ.டி.பி.யச் சொல்லுங்கம்மா, உடனே!" ஆறு இலக்க எண்ணும் அவள் போனுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் நான் இல்லை.

கம்பெனிக் கணக்கப்பிள்ளை கையெழுத்துக் கேட்டு எந்தக் காகிதத்தை நீட்டினாலும் சொல்லச் சொல்லி எங்கள் பெண்களுக்கு ஒரே ஒரு பதிலைப் பழக்கியிருந்தேன். அது வாயில் தானாக வந்துவிட்டது.

"சங்கத்துல கேட்டுச் சொல்லுதேன் சார்."

"எந்தச் சங்கம்?"

"தீப்பெட்டிச் சங்கம். செயலாளர் உங்ககிட்டப் பேசணும்பாரு, பேரு என்ன சார்?"

அவன் போனைத் துண்டித்துவிட்டான். சாயங்காலம் வந்து சொன்னாள்: "கணக்கப்பிள்ளையாவது நின்னு முறைப்பாரு அண்ணாச்சி, இவன் ஓடியே போயிட்டான்."

நோட்டீஸ்

பணம் பத்திரமாக இருந்தது. மகளும் கல்லூரியில் சேர்ந்தாள். 'ஓ.டி.பி. உன் கையெழுத்து. கேட்டவனுக்கெல்லாம் போடாதே!' என்று நோட்டீஸ் அடித்து கம்பெனி வாசலில் கொடுத்தேன். கூலி உயர்வு, போனஸ், மருத்துவ விடுப்பு என்று நான் எழுதிய எதையும் கையால் தொடாத முதலாளி, அன்று காரை நிறுத்திக் கேட்டு வாங்கினார். நின்றபடியே படித்தார். "இத்தனை வருஷத்துல இது ஒண்ணுதான் உருப்படியான நோட்டீஸ் அண்ணாச்சி, வீட்டுக்கு இன்னும் ரெண்டு குடுங்க."

எந்த முதலாளியும் அஞ்சாத எங்கள் சங்கத்தின் பெயருக்கு, முகம் தெரியாத ஒரு திருடனாவது அஞ்சினானே என்று நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.