சுழலும் வட்டத்துக்கு அந்தப் பக்கம்

போன் திருத்தும் கடைக்கு யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. திரையில் ஒரு வட்டம் சுழல, அதன் கீழே ‘இணைக்கிறது, இணைக்கிறது’ என்று எழுத்து மின்ன, போனும் கையுமாக முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், நான் அந்த வட்டத்தை நம்பித்தான் சோறு தின்கிறேன்.

என் கடைக்கு வரும் வட்டங்களில் பாதி, பிராக்ஸி செயலிகளால் வருபவை. ஒரு நாட்டில் ஒரு சேவையை மறித்து வைத்திருந்தால், இன்னொரு நாட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர வைக்கும் செயலி அது. எங்கள் ஆட்களுக்கு அது விபிஎன். எனக்குக் கோபம் கெதியில் வரும் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் இந்த விபிஎன் விஷயத்தில் நான் கோபித்ததைவிட வாயைப் பிளந்துகொண்டு நின்றதுதான் கூட.

மருமகன் போட்டது

சண்டிலிப்பாயில் புகையிலை வைக்கும் சிவஞானம் அண்ணை, வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைக்கும்போது லைன் அறுகிறது என்று போனைக் கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் மூன்று பிராக்ஸி செயலிகள். ஒன்று மகன் வந்து நின்றபோது போட்டது. ஒன்று மகள் அங்கிருந்து சொல்லிச் சொல்லிப் போடுவித்தது. மற்றது மருமகன் போட்டது. அண்ணை யாரையும் குறைத்து வைக்கமாட்டார். மகன் எடுத்தால் மகனின் செயலியைப் போடுவார். மருமகன் எடுத்தால் மருமகனுடையது. கதையின் நடுவில் மருமகன் போனை மகளிடம் கொடுத்தால், இவரும் உடனே மருமகனின் செயலியை நிறுத்திவிட்டு மகளுடையதைப் போடுவார். பிறகு லைன் அறாமல் என்ன செய்யும்?

இங்கேயிருந்து கதைக்க உங்களுக்கு இதில் ஒன்றுமே தேவையில்லை, மூன்றையும் அழிக்கிறேன் என்று கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன். அவர் மெல்லப் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கடைசியில் மூன்றையும் நிறுத்தி, அவற்றின் சின்னங்களை மட்டும் திரையில் வைத்துக் கொடுத்தேன். அப்படி ஒரு நீதிமானை நான் கோர்ட்டிலும் கண்டதில்லை. போகும்போது என்னைச் சமாதானப்படுத்துவதுபோலச் சொன்னார்: “இருக்கட்டும் பிள்ளை. வேலை செய்யாட்டிலும் மருமகன் போட்டது மருமகன் போட்டதுதானே.”

கைக்கு எட்டாத போன்

குருநகர் ஜெசிந்தா வந்தபோது அவளுடைய போனில் ஒரு குறையும் இல்லை. குறை இருந்தது அவள் கணவர் அன்ரனின் போனில். அவர் வளைகுடா நாடொன்றில் கட்டட வேலை செய்கிறார். அங்கே செய்தி போகும், படம் போகும், முகம் பார்த்துக் கதைக்க மட்டும் விடமாட்டார்கள். பழைய போன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து உடைந்துபோக, புதுப்போனில் அதே செயலியைப் போட்டிருக்கிறார். வட்டம் சுழல்கிறது, இணையவில்லை. அறையில் மற்றவர்களுக்கு அதே செயலி நன்றாக வேலை செய்கிறது. வருகிற ஞாயிறு மகளுக்கு முதல் நன்மை. நற்கருணையை முதன்முதல் வாங்கப்போகிற பிள்ளையை அப்பா பார்க்கவேண்டும். அன்றைக்கு அவர் லீவு எடுத்திருக்கிறார். ஆனால் அறையில் மற்றவர்கள் போனோடு வேலைக்குப் போய்விடுவார்கள்.

கடல் தாண்டி இருக்கிற போனை நான் எப்படித் திருத்துவது? சாதாரண அழைப்பில் அவரை ஸ்பீக்கரில் போட்டோம். நான் சொல்ல, அவள் அதைத் தங்கள் வீட்டுப் பேச்சில் அவருக்குச் சொன்னாள். நான் அவசரத்தில் இரண்டு படி தாண்டினால் அவள் விடவில்லை. விட்ட இடத்துக்கே என்னைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அவளுடைய வீட்டில் வலை தைப்பவர்கள். எனக்கே பாடம் எடுக்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றுமில்லை, கவனம் முழுக்கப் போனில்தான் இருந்தது. “வலையிலை ஓட்டை தேடேக்கை இடையிலை பாய்ஞ்சால், அக்கா, திரும்பவும் முதலிலையிருந்துதான் வரவேணும்.”

சுவரில் இருந்த நேரம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் மறுபடி வந்தாள். நான் கேட்டபடியே, அன்றும் ஸ்பீக்கரில் இருந்த அன்ரன் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து திரையைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். செயலியில் நாடு சரி, கடவுச்சொல் சரி, அனுமதிகள் சரி. ஞாயிறு நெருங்க நெருங்க ஜெசிந்தாவுக்குப் பேச்சுக் குறைந்துகொண்டு வந்தது. அவளுக்கு பஸ் தப்பப்போகிறதோ என்று சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். திரும்பி, அப்போதுதான் வந்த படத்தைப் பார்த்தேன். அதன் மேல் மூலையிலும் அதே நேரம். அத்தனை தரம் பார்த்தும் எனக்குப் பிழை தெரியாமல் போனது அதனால்தான். அவர் இருப்பது எங்களைவிட நேரம் பிந்திய நாட்டில்.

புதுப்போன் வாங்கியதும் மனுஷன் கையால் முள்ளைத் திருப்பி ஊர் நேரம் வைத்திருக்கிறார். போனோ தான் இன்னும் அந்த நாட்டில்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. நாடு ஒன்று, நேரம் வேறொன்று என்று வந்தால், மறுபக்கத்துக் கணினி இது ஏமாற்று என்று கதவைச் சாத்திவிடும். கண்டுபிடித்த சந்தோஷத்தில், நேரத்தை உடனே மாற்றுங்கள் என்று கத்தினேன். ஸ்பீக்கரில் அன்ரன் கேட்டார்: “அதை மாத்தினால் அக்கா, என்ரை பிள்ளை எழும்பிட்டாளோ, பள்ளிக்கூடத்தாலை வந்திட்டாளோ எண்டு நான் எதைப் பாத்து அறியிறது?”

நாட்டை மாற்றினால் போதும்

அதற்குப் பிறகு எனக்குக் கோபிக்க வாய் வரவில்லை. இப்படி ஒரு பிழையை நான் வேறு எந்தப் போனிலும் கண்டதில்லை, கண்டிருந்தால் மதித்திருப்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நேரத்தைத் தொடவேண்டாம், நாட்டை மாற்றுங்கள் என்றேன். செற்றிங்கில் நேர வலயம் என்று இருக்கும் இடத்தில் கொழும்பைத் தேர்ந்தெடுத்து, மிச்சத்தைப் போனிடமே விடச் சொன்னேன். முள் இருந்த இடத்திலேயே நின்றது. கணக்கு மட்டும் நேராகியது. செயலியின் வட்டம் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. ஜெசிந்தாவின் கையில் இருந்த போன் அடிக்க, திரையில் சீமெந்துத் தூசி படிந்த ஒரு முகம். அவள் அழவில்லை, முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லி அவரை ஏசினாள். பிறகு என்னிடம் திரும்பினாள்: “இவர் எப்ப வருவாரோ தெரியாது அக்கா, போன் ஊருக்கு வந்திட்டுது.”

வெள்ளைச் சட்டை

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு என்னையும் இழுத்துப் போனாள். தாய் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும், லைன் குழம்பினால் மற்றவர்களுக்குச் சரிசெய்யத் தெரியாது, ஆகவே போன் பிடிக்கிற வேலை எனக்கு. ஃபாதரிடம் கேட்டு ஒரு தூணோரம் இடமும் வாங்கி வைத்திருந்தாள். நெற்றித் திருநீற்றோடு அவர்களுடைய கோயிலுக்குள் நின்றேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் அன்ரன் தலைவாரி, வெள்ளைச் சேட்டு போட்டு, கட்டிலோரம் நேராக நின்றுகொண்டிருந்தார். பூசைக்கு எல்லாரும் எழும்ப அவரும் எழும்பி, இருக்க அவரும் இருந்தார்.

வெள்ளைச் சட்டையும் பூமுடியுமாகப் பிள்ளைகள் வரிசையில் போனார்கள். அவருடைய மகள் பீடத்துக்கு முன்னால் போன அந்தச் சொட்டு நேரத்தில் திரை உறைந்து, வட்டம் சுழன்றது. அறுந்தது அந்தப் பக்கத்தில், நான் செய்ய ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த தெய்வங்களையும் சுவரில் இருந்த அவர்களுடைய தெய்வங்களையும் சேர்த்துக் கூப்பிட்டேன். லைன் வந்தபோது பிள்ளை இருக்கை வாங்கிலே போய் இருந்துவிட்டாள். அன்ரன் அங்கே முழந்தாளில் நின்றார். கை கூப்பியிருந்தது, கண் இறுக மூடியிருந்தது. எத்தனை நேரமாக மூடியிருந்தாரோ, லைன் அறுந்ததே அவருக்குத் தெரியாது. கண் திறந்தவரிடம், அந்த இடத்தில் லைன் விட்டுவிட்டது தம்பி, மன்னிக்கவேணும் என்று தொடங்கினேன். அவர் சிரித்த முகத்தோடு மறித்தார்: “எங்கை விட்டது, அக்கா? பிள்ளை வாங்கினது எனக்கு வடிவாத் தெரிஞ்சுது.”

இத்தனை வருடத் தொழிலில், லைன் அறுந்த நேரத்தில் படம் வடிவாகத் தெரிந்தது என்று சொன்ன வாடிக்கையாளர் இவர் ஒருவர்தான், அதற்கான செற்றிங் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.