நில் பலகையும் கால் ஊன்றும் கல்லும்

போராட்டமும் ஒரு தொழில்தான். சம்பளம் இல்லை, லீவு இல்லை, ஓய்வு பெறும் வயதும் இல்லை. கல்லூரி வாசலை மறியலுக்காக மிதித்ததோடு சரி, நான் படித்ததெல்லாம் துண்டறிக்கையில். என்னைப் போலவே கத்தித் தொண்டை கட்டிய தோழர்களே, நம் தோளில் ஏறி நின்று பேசியவர்கள் இன்று காரில் போகும்போது கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்கள். அது கிடக்கட்டும். இது சைக்கிள் கதை.

சிவப்புப் பலகை

எங்கள் ஊர்ச் சாலை கச்சிராயபாளையம் மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில், விபத்தைத் தடுக்க 'நில்' என்று ஒரு சிவப்புப் பலகை நட்டார்கள். தார்மேல் தார் போட்டு மெயின் ரோடு உயர்ந்துவிட்டதால் அந்த இடம் நல்ல மேடு. பலகை மேட்டின் உச்சியில். தம் கட்டி மிதித்து ஏறுகிறவன் சரியாக அங்கே சைக்கிளை முழுசாக நிறுத்த வேண்டும். நிறுத்தாதவனின் டயரில் ஏட்டு காற்றைப் பிடுங்கிவிடுவார்.

செல்வி கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேன் மாட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவள். நேரம் தாண்டினால் அங்கே பால் எடுக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் கரும்பு லோடு ஏற்றும்போது இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறார். பால்தான் அடுப்பு எரிய வழி. ஒருநாள் காற்று போய் நேரம் தவறி, பாலைத் திருப்பி எடுத்து வந்தாள். மறுநாள் சொன்னபடி நின்றாள். சைக்கிள் பின்னால் உருண்டு, ஆளும் கேனும் பள்ளத்தில். மேடெல்லாம் பால். ஏட்டு ஓடி வந்து தூக்கிவிட்டார். தூக்கிவிட்டுச் சொன்னார்:

"நீ நின்னுட்டம்மா. உம்மேல கேஸ் இல்ல."

அச்சகம்

அன்றே துண்டறிக்கை எழுதினேன். 'உழைப்பவனின் சைக்கிளுக்கு நில் பலகை செல்லாது! பார்த்து, மெதுவாக உருண்டு போகும் உரிமை வேண்டும்!' கள்ளக்குறிச்சி அச்சகத்துக்காரர் வாசித்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"அண்ணே, 'கண்டிக்கிறோம், எச்சரிக்கிறோம்'னு உங்க பழசு ரெடியா கீது. மேல சைக்கிள்னு மட்டும் மாத்திக்கலாமா?"

டவுன் பஸ்

அந்த வழியாக ஓடும் டவுன் பஸ்ஸில் ஏறி, கிளம்பும் முன் முதல் அறிக்கையை டிரைவரிடம் நீட்டினேன். உழைப்பாளி உழைப்பாளியைப் புரிந்துகொள்வான் என்பது நான் படித்த பாடம். ஸ்டியரிங்மேல் வைத்துப் படித்தார். முகம் மாறியது. அந்த மேட்டில் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதாகச் சொன்னார்.

"உருண்டு வர்றவன்தான் தலைவரே எனக்கு பயம். நின்னான்னா நான் போவேன், வந்தான்னா நான் நிப்பேன். இன்னா பண்ணப் போறான்னு அவனுக்கே தெரியாதப்ப நான் எதுல கால வெக்கிறது, பிரேக்கா, ஆக்சிலேட்டரா?"

மேடையில் என்னை யாரும் மடக்கியதில்லை. அன்று அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தேன்.

மறியலுக்கு ஆள் சேர்த்தது

ஆனாலும் அறிவித்த போராட்டத்தை விடுவதா? பால் நேரத்தில் மேட்டில் சைக்கிளோடு மறியல் என்று முடிவு செய்து செல்வி வீட்டுக்குப் போனேன். பாதிக்கப்பட்டவர் முன்வரிசையில் உட்கார வேண்டும், அது முறை. அவள் கேன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ரோட்ட மறிச்சா மொதல்ல கெடறது என் பாலுதான். அது இருக்கட்டும், நிக்க மாட்டேன்னு நான் எப்பங்கண்ணே சொன்னேன்? பஸ்ஸ பாத்தா எனக்கும் பயந்தான். காலு வெக்க எடம் இல்ல, எடது பக்கம் பள்ளம். அதான் வுழுந்தேன்."

மைல்கல்

பலகையடியில் போய்ப் பார்த்தேன். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே முழங்கால் ஆழம். நின்று காலை நீட்டினால் கால் காற்றில்தான் ஊன்றும். நெடுஞ்சாலை அலுவலகத்தில் மனு கொடுத்தேன். பலகைக்கு விதி இருக்கிறது, காலுக்கு இல்லை என்றார்கள்.

ரோட்டை அகலப்படுத்தியபோது பிடுங்கிப் போட்ட பழைய மைல்கல் ஒன்று வாய்க்காலில் கிடந்தது. செல்வியும் கரும்பு வெட்டும் ஆட்களுமாகப் புரட்டி வந்து, பலகைக்கு இடப்பக்கம் பள்ளத்தில் படுக்கவைத்து மண் அணைத்தோம். அரசுச் சொத்தை இடம் மாற்றியது குற்றம். எனவே லுங்கி, பல்பொடி, பிரஷர் மாத்திரை போட்ட என் கைதுப் பையோடு கல்லின்மேல் உட்கார்ந்தேன்.

விடிந்ததும் ஏட்டு பைக்கில் வந்தார். கல்லைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "எந்திரிங்க தலைவரே" என்றார். கம்பீரமாக எழுந்து கையை நீட்டினேன். அவர் அதைக் கவனிக்காமல் பைக்கை நிறுத்தி, இடது காலைக் கல்லின்மேல் ஊன்றி, ஆட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். பின்னால் செல்வி. ஏறி வந்தாள், முழுசாக நின்றாள், கல்லில் கால். கேன் அசையவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தாள். டவுன் பஸ் தயங்காமல் கடந்தது. கல்லை ஓர் எத்து எத்திப் புறப்பட்டாள். அடுத்து வந்தவனும் நின்றான். அதற்கடுத்தவனும்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் சும்மா நின்றேன். சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பி வந்த செல்வி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாண்ணே, இன்னும் புடிச்சிக்கினு போவலன்னு வருத்தமா? கரியாலூர் ரோட்டுல எங்க அண்ணன் ஊட்டாண்டையும் இதே மாதிரி பலகை கீது, பள்ளமும் கீது. பைய எடுத்துக்கினு அங்க வாங்க."

ஆயுள் முழுக்க நான் மறித்த வண்டியெல்லாம் நான் எழுந்ததும் போய்விட்டது. இந்தக் கல் ஒரு கோஷமும் போடாமல் தினமும் ஊரையே நிறுத்தி, பத்திரமாக அனுப்பிக்கொண்டிருக்கிறது.