சுவரின் குதிகால்

என் பெரியம்மா ரமாபாய் எந்த வீட்டுக்குப் போனாலும் சுவர் தரையைத் தொடும் இடத்தைத்தான் முதலில் பார்ப்பார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் குதிகால். மனுஷனுக்கு வெடிப்பு முதலில் குதிகாலில் வருகிற மாதிரி, வீட்டுக்கும் அங்கேதான் வருமாம்.

புளியந்தோப்பில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் பெரியம்மா வீடு கீழ்த்தளம். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் வரும். அவருடைய வேலையோ மற்றவர் வீட்டில் தண்ணீர் வராமல் பார்ப்பது. இதைச் சொல்லி ஊரே கிண்டல் செய்யும். அவரும் சேர்ந்து சிரிப்பார். இருபத்திரண்டு வருஷமாக மேஸ்திரிகளிடம் கூலிக்குப் போய், மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, அஸ்திவாரம் என்று தார் பூசிக்கொண்டிருந்தவர், போன வருஷம்தான் முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு வேலையை எடுத்தார்.

திருவொற்றியூரில் ஆவுடையம்மாள் கட்டிக்கொண்டிருந்த வீடு அது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கல்மண்டபத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அவருடைய பழைய வீட்டில் மழைக்காலம் தோறும் சுவருக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து பயறு மூட்டைகள் முளைவிட்டுவிடும். புது வீட்டில் சரக்கு வைக்கும் பின்னறை மட்டும் காய்ந்து கிடந்தால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று பெரியம்மாவிடம் அவர் சொல்லியிருந்தார்.

அந்த வீட்டின் சுவர் வேறு மாதிரி. கனமான தெர்மாகோல் கட்டிகளை உள்ளுக்கும் வெளிக்குமாக இரண்டு வரிசை அடுக்கி, நடுவில் கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றுவார்கள். தெர்மாகோல் அப்படியே நின்றுவிடும். அதனால் வெயில் சூடு உள்ளே வராது. ஆனால் அஸ்திவாரத்தை முதலில் ஊற்றி, அது காய்ந்த பிறகுதான் அதன்மேல் சுவரை ஊற்றுகிறார்கள். பழைய கான்கிரீட்டும் புது கான்கிரீட்டும் ஒன்றாகக் கலக்காது. இடையே மயிரிழை போல ஒரு கோடு இருக்கும். தண்ணீர் அந்தக் கோட்டைத் தேடித்தான் வரும்.

பெரியம்மா வழக்கம்போலத் தாரை மண்ணெண்ணெயில் இளக்கினார். துறைமுகப் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். படகுக்கும் அதுதான், குழாய்க்கும் அதுதான். பின்னறைச் சுவரை ஒட்டி வெளியே தோண்டியிருந்த குழியில் இறங்கி, சுவரின் அடியில் பத்தடி நீளம் பூசிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் தெர்மாகோல் கரைந்து, பொந்து பொந்தாக உள்ளே போயிருந்தது. கருப்புத் தாரின் அடியில் சுவர் தேன்கூடு மாதிரி நின்றது. மண்ணெண்ணெய் தெர்மாகோலைத் தின்னும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

கட்டட மேஸ்திரி அருள்பிரகாசம் எட்டிப் பார்த்தார். அவர் பதறவில்லை.

“இன்னாத்துக்கு ரமாக்கா மூஞ்ச தொங்கப் போட்டுகினு? மேல வாட்டர்ப்ரூஃப் சீட்டை ஒட்டு. நாளைக்கு ஜேசிபி வந்து மண்ணைத் தள்ளிரும். எவன் தோண்டிப் பாக்கப் போறான்?”

“தண்ணி பாக்கும் மேஸ்திரி,” என்றார் பெரியம்மா.

அப்படிச் சொல்லிவிட்டாலும் உடனே எழுந்து போகவில்லையாம். முதல் வேலை, இதைச் சொன்னால் துரத்திவிடுவார்கள், தண்டையார்பேட்டை வரைக்கும் பேச்சு பரவும். கொஞ்ச நேரம் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். பிறகு போன் செய்து ஆவுடையம்மாளை வரவழைத்தார்.

“யம்மா, உன் செவுத்த நான்தான் கெடுத்துட்டேன். மண்ணைப் போட்டு மூடிட்டா உனுக்குத் தெரியாது. அதான் கூப்ட்டேன்.”

ஆவுடையம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழியில் இறங்கி, ஒரு பொந்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். “எலி குட்டி போட்டு வளக்கலாம் போலுக்கே,” என்றார். கொஞ்சம் கழித்து, “சரி பண்ணத் தெரியுமா உனக்கு?” என்று கேட்டார்.

“இப்போ தெரியாது. தெரிஞ்சிகினு வரேன். மூணு நாள் குடும்மா.”

ஆவுடையம்மாள் மேலே ஏறிப்போய் ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டு, நாளை வரவேண்டாம் என்று சொன்னார்.

பெரியம்மா அந்தத் தெர்மாகோல் கட்டிகளை விற்றவர்களிடமே விசாரித்தார். தண்ணீரில் கலக்கும் பூச்சு மட்டும்தான் ஆகும் என்றார்கள். கேட்டதை அப்படியே நம்பாமல், உடைந்த துண்டு ஒன்றில் பூசி ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தார். அது கரையவில்லை. பிறகு அரித்த பகுதியைக் கான்கிரீட் தெரியும்வரை அறுத்தெடுத்து, புதுத் துண்டுகளை இடைவெளி இல்லாமல் பொருத்தி ஒட்டினார். சுவரும் அஸ்திவாரமும் சேரும் மூலையில் தண்ணீர் தேங்காமல் வழிந்து போகச் சிமெண்டுக் கலவையைச் சரிவாக இழைத்தார். அதன்மேல் அந்தப் பூச்சைப் பூசி, தண்ணீர் புகாத ஒட்டும் சீட்டைச் சுவரிலிருந்து இறக்கி, மூலையை மூடி, அஸ்திவாரத்தின் வெளி விளிம்பு வரை கொண்டுபோய் அழுத்தினார். கட்டை விரல் நகம் பிய்ந்துபோகும் வரை அழுத்தினார்.

வேலை முடிந்ததும் பெரியம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியே குழியின் மண் பக்கம் தார்ப்பாய் விரித்து, சுவரில் படும்படி தண்ணீர் நிரப்புவார். உள்ளே, சுவரும் தரையும் சேரும் இடத்தில் கோலமாவால் ஒரே கோடு இழுப்பார். ஒரு நாள் கழித்துக் கோடு வெள்ளையாக இருந்தால் வேலை தேறியது என்று அர்த்தம். ஒரு இடம் கறுத்தாலும் முதலிலிருந்து பிரித்துச் செய்ய வேண்டும்.

ஆவுடையம்மாள் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து, மணிக்கொரு தரம் அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பெரியம்மா போனபோது கோட்டில் ஒரு இடம் கறுத்திருந்தது. சரியாக அந்தப் பத்தடிக்குள். பெரியம்மா முட்டி போட்டு உட்கார்ந்து, அந்த மாவை விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். மறுபடியும் முகர்ந்தார். பிறகு ஆவுடையம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

“யம்மா, இதுல காப்பி வாசன வருது.”

ஆவுடையம்மாள் டம்ளரைச் சேலைக்குப் பின்னால் கொண்டுபோனார். “நான்தாம்மா. குனிஞ்சு பாக்கையில சிந்திட்டு. சொன்னா வைவியோன்னு பேசாம இருந்துட்டேன்.”

பெரியம்மா வையவில்லை. அந்த இடத்தைத் துடைத்துப் புதுக்கோடு இழுத்தார். இன்னொரு நாள் பார்த்த பிறகுதான் மண்ணைத் தள்ளவேண்டும் என்றார். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். அந்த ஒரு நாள் முழுக்க ஆவுடையம்மாளுக்குக் காப்பியோடு அந்த அறைக்குள் வர அனுமதி இல்லை. கோடு வெள்ளையாகவே இருந்தது.

டிசம்பரில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலையில் பெரியம்மா வீட்டில் கணுக்கால் தண்ணீர். அவர் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வெடித்த குதிகாலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அப்போது போன் வந்தது.

“ரமா, இங்க தெருவுல முட்டளவு தண்ணி ஓடுது. பின்னறையில கோலமாவுல கோடு இழுத்து வச்சிருக்கேன். வெள்ளையாத்தான் கெடக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “காப்பி கையில இல்ல,” என்றார்.

பெரியம்மா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடி, எண்ணெய்க் கிண்ணம் தண்ணீரில் விழுந்து வாசல் பக்கம் மிதந்து போனது.