வாயில் ஆறு குண்டூசி

எங்கள் தையல் மாஸ்டர் நாற்பது நாள் யாரையும் திட்டுவதில்லை என்று ஆலயத்தில் பொருத்தனை செய்தார். சபையே அதிர்ந்தது, அவர் மனைவி மட்டும் சிரித்தார். நாக்கு துறுதுறுத்தால் ஆறு குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வது மாஸ்டரின் ஏற்பாடு. பரிசுத்தத்துக்கு இதைவிட மலிவான கருவி கிடையாது.

முப்பத்தெட்டாம் நாள் பாடகர் குழுத் தலைவர் அங்கிக்கு அளவு கொடுக்க வந்தார். பொருத்தனை விஷயம் தெரிந்தேதான் வந்தார்.

"போன தடவை தைச்சது அங்கியா மாஸ்டர், தலையணை உறையா? உங்கப்பா கை உங்களுக்கு வராது."

மாஸ்டர் குண்டூசிகளைக் கவ்வினார்.

"பேச மாட்டீங்களே! இன்னும் ரெண்டு நாள் நான்தான் ராஜா."

அவர் படியிறங்கியதும் மாஸ்டர் துணியை விரித்தார். மார்பு அளவு நாற்பத்திரண்டு. சாக்பீஸ் முப்பத்தொன்பதில் கோடு போட்டது. ஆராதனை நடுவே, உச்சஸ்தாயியில், பொத்தான்கள் தெறித்தோடும் காட்சி கண்முன் விரிந்தது. கத்தரிக்கோலைத் திறந்தார்.

"ஏங்க, வாயைப் பூட்டிட்டு கையை அவுத்து விட்டுட்டீங்களா?" என்றார் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி.

மாஸ்டர் கத்தரியை வைத்தார். கோட்டை அழித்தார். குண்டூசிகளைத் துப்பிவிட்டுத் தெருமுனைவரை ஓடி, முப்பத்தெட்டு நாள் சரக்கையும் தலைவரின் தலையில் கொட்டினார்.

"பொருத்தனை போச்சே மாஸ்டர்!"

"போகட்டும்யா. அதை ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன். உன் அங்கி நாப்பத்திரண்டுல வரும், போ!"